மூன்று மெஷினும் ரிப்பேர்

காற்று மெஷின் தச்சருடைய கண்ணில் இரண்டாவது முறையாக உஸ்ஸென்று ஊதி, முப்பத்தாறு என்றது. முதல் முறை ஒன்பது என்று சொன்னதும் இதே மெஷின்தான்.

கண் அழுத்தம் பார்க்கும் பரிசோதகருக்கு ஆஸ்பத்திரியில் 'துல்லியம்' என்று பட்டப்பெயர். அந்தத் துல்லியத்துக்கே வியர்த்துவிட்டது. மரச்சிராய் குத்தி, தச்சரின் கருவிழியில் பெரிய தழும்பு. இன்று அதை எடுத்துவிட்டு வேறு கருவிழி வைக்க வேண்டும். அழுத்தம் இருபத்தொன்றைத் தாண்டினால் டாக்டரம்மா கத்தியைத் தொடமாட்டார்.

"தழும்பு மேல பட்டா மெஷின் கன்னாபின்னான்னுதான் சொல்லும். ஓரமா தெளிவா இருக்கிற இடத்துல பேனா மெஷினை வச்சுப் பாப்போம்."

கண் மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, ஓரத்தில் மெல்லத் தொட்டார். பதினைந்து.

"அப்ப ஆபரேஷன் உண்டுதானே தம்பி?" என்றார் தச்சரின் மனைவி.

உண்டு என்று சொல்லியிருந்தால் எல்லாரும் நிம்மதியாக இருந்திருக்கலாம். பட்டப்பெயர் விடவில்லை.

"முதல்ல மெஷின் சரியான்னு பாக்கணும்மா. எனக்கு நல்ல கண்ணு. அதுல வச்சா தெரிஞ்சிடும்."

சொட்டு மருந்து விட்டு, கண்ணாடி பார்த்து, பேனா மெஷினால் தன் கண்ணையே தொட்டுக்கொண்டார். "எவ்வளவும்மா காட்டுது?"

"முப்பத்திரண்டு."

"போச்சுடா! இதுவும் புட்டுக்கிச்சு."

காற்று மெஷினில் முகவாயை வைத்தார். "அந்தப் பட்டனை அழுத்துங்கம்மா."

அந்த அம்மாள் அழைப்பு மணியை அடிப்பதுபோல் ஓங்கி அழுத்தினார். "முப்பத்திரண்டு தம்பி."

துல்லியம் பக்கத்து அறைக்கு ஓடி, கையடக்க மெஷின் ஒன்றை வாங்கிவந்தார். கண்ணில் பட்டதும் படாததுமாக அதுவும் முப்பத்திரண்டு என்றது.

"ஒரே கம்பெனி, ஒரே நாள்ல வாங்கினது. மூணும் சேர்ந்து மண்டையைப் போட்டுடுச்சு!"

தச்சர் தலையில் மாட்டியிருந்த ஆபரேஷன் தொப்பியை மெதுவாகக் கழற்றினார். "இந்தக் கருவிழிக்கே ஏழு மாசம் காத்திருந்தோம் சார். இதை விட்டா மறுபடி எப்பக் கிடைக்குமோ."

துல்லியத்துக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் தப்பான கணக்கை நம்பி ஒரு மனிதனின் கண்ணில் கத்தி வைக்க விடலாமா? டாக்டரம்மாவின் கதவைத் திறந்தார்.

"டாக்டர், மூணு மெஷினும் ரிப்பேர். ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுடுங்க."

தச்சரின் மனைவி துல்லியத்தின் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"கெட்டுப்போன மெஷின் மூணும் உங்க கண்ணுக்கு மட்டும் எப்படித் தம்பி ஒரே கணக்கைச் சொல்லும்? இவரை ஆபரேஷனுக்கு அனுப்பிட்டு, நீங்க டாக்டரம்மாகிட்ட உங்க கண்ணைக் காட்டுங்க."