அண்ணன் சுளுக்கெடுத்த கால்

திருவனந்தபுரம்,
புதன்கிழமை

கர்த்தருக்குள் அன்பான சற்குணம் அண்ணனுக்குத் தங்கை பிரிஸில்லா எழுதுவது. தோத்திரம். வித்துராவில் நீங்களும் மைனியும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். கோபத்தில் ஜெபம் பாதியிலேயே நின்றுவிடுகிறது. மூன்று நாளாக நீங்கள் போனை எடுக்காததால் இந்தக் கடிதம்.

சனிக்கிழமை நாங்கள் உங்கள் ஊருக்கு வந்திருந்தபோது, கல்லாற்றுப் பாறை இடுக்கில் மாட்டித் திருகின காலோடு என் மகள் ஆதிரா நொண்டிக்கொண்டு வந்ததும், கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த நீங்கள் என்ன செய்தீர்கள்? "ஒண்ணும் இல்ல மக்களே, சுளுக்குதான், மாமா எடுத்து விடுதேன்" என்று அவளைப் பெஞ்சில் உட்காரவைத்து, கடைக்காரரிடம் தேங்காயெண்ணெய் வாங்கி, ஒன்பது வயதுப் பிள்ளையின் பாதத்தைச் சப்பாத்தி மாவாகப் பிசைந்து, விரல் விரலாகச் சொடுக்கெடுத்து, "வலிக்கு மாமா" என்று அவள் கத்தக் கத்த, "வலிச்சாத்தான் சரியாவும், விரல் அசையுதுல்லா, எலும்புக்கு ஒண்ணுமில்ல" என்று சட்டம் வேறு பேசினீர்கள், நீங்கள் ரப்பர் வெட்டுகிறவரா எலும்பு டாக்டரா, மறுநாள் காலையில் பாதம் பன்னு மாதிரி வீங்கி, உள்ளங்காலில் கத்தரிக்காய் நிறத்தில் ரத்தம் கட்டி, நாலு அடி ஊன்ற முடியாமல் பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் ஓமனா விரல்கள் சில்லிட்டிருக்கிறதா, மரத்திருக்கிறதா என்று முதலில் பார்த்தார். உள்ளங்காலைப் பார்த்ததும் முகம் மாறியது. "இது ஆரா திரும்மியது?" என்றார். தடவியது யார் என்று கேட்கிறார்! என் கூடப்பிறந்தவர் என்று சொல்ல எனக்கு நாக்கு கூசியது. எக்ஸ்ரேயில் நடுப்பாதத்து எலும்பு இரண்டில் விரிசல். "விரல் அசைஞ்சாலும் எலும்பு பொட்டியிருக்கும், உடைஞ்சிருக்கும், கேட்டோ. உள்ளங்காலில ரத்தம் கட்டினா, ஊன்ற முடியலைன்னா, தடவக்கூடாது, இழுக்கக்கூடாது. அசையாமக் கட்டி, காலை உயர்த்தி வச்சு நேரே கொண்டுவரணும். வளர்ற எலும்பாக்கும்" என்றார். மாவுக்கட்டு போட்டாயிற்று. ஆறு வாரம் ஊன்றக்கூடாது.

இனி என் வீட்டில் யார் மேலும் நீங்கள் கை வைக்க வேண்டாம். கிறிஸ்துமஸுக்கும் வர வேண்டாம்.

மைனிக்கு என் அன்பு. கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக, அவருக்கு மனமிருந்தால்.

பிரிஸில்லா

பி.கு.: ஆதிரா மலையாளப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறவள், தமிழ் வாசிக்கத் தெரியாததால் கடிதத்தை வாசித்துக்காட்டச் சொன்னாள். கேட்டுவிட்டு, "பாறையில விழுந்ததும் நீங்க சொன்னதை எழுதலியே அம்மா? 'நடிக்காத, பஸ் போயிரும், நட'ன்னு கடை வரைக்கும் நடத்திக் கூட்டிட்டு வந்தீங்கல்லா? பஸ்ஸுக்கு மாமாதானே தூக்கிட்டுப் போனாங்க" என்றாள்.

டாக்டரிடமும் நான் இதைச் சொல்லவில்லை அண்ணா. ஞாயிற்றுக்கிழமை வாங்க. பிள்ளை உங்களைத்தான் கேட்கிறாள்.