அலமாரிமேல் ஒளித்துவைத்த ஏழு கைவேலைப் புத்தகங்கள்

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உன் அண்ணி சுகம், வீடு சுகம், என் இரத்த அழுத்தம் மட்டும் சுகமில்லை. ஒரு நூலகத்தையே கட்டி மேய்ப்பவள் நீ. உன்னிடம்தான் இதைக் கொட்ட முடியும்.

ஆறு மாதத்துக்கு முன்னால் எங்கள் தெருமுனை நூலகத்தில், குழந்தைகள் பகுதியில், கண்ணாடியைத் தேடிக் குனிந்தவன் கண்ணில் 'ஓய்வு நேரத்தில் நூறு கைவேலைகள்' பட்டது. புரட்டினேன். தூக்கிவாரிப் போட்டது. பன்னிரண்டாம் பக்கம், அப்பாவுக்குப் பிறந்தநாள் பரிசாகச் சிகரெட் சாம்பல் கிண்ணம். நாற்பத்தொன்று, வைக்கோலில் விளக்குக் கூடு செய்து உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றவும். ஐம்பத்தேழு, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை ரம்பத்தால் அறுத்து, தூளை வாயால் ஊதித் தள்ளவும்! நுரையீரலையே தின்றுவிடும் தூள் அது. பக்கத்திலேயே அதே பழங்காலத்து இன்னும் ஆறு புத்தகங்கள். முப்பத்திரண்டு வருஷம் தீயணைப்பு நிலையத்தில் மணியடித்தவுடன் ஓடியவன் நான், எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்.

நேரே நூலகர் மேஜைக்குப் போனேன். "இதையெல்லாம் முதல்ல தூக்குங்கம்மா!"

"அப்படித் தூக்க முடியாது சார். அஞ்சு வருஷம் யாரும் எடுக்கலைன்னா கம்ப்யூட்டரே கழிவுப் பட்டியல்ல போட்டுடும். இதுங்களுக்கு இன்னும் ரெண்டே மாசம்தான்."

ரெண்டு மாசமா! அதற்குள் எத்தனை பிள்ளைகள் வைக்கோல் தேடிக் கிளம்புமோ என்று பகீரென்றது. ஏழையும் என் பேரில் பதிந்து, வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரிமேல் போட்டுப் பழைய போர்வையால் மூடினேன். பதினைந்து நாளைக்கு ஒருதரம் போய்ப் புதுப்பித்துக்கொண்டு வந்தேன். ஊரையே காப்பாற்றிவிட்ட நினைப்பில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன், ரெண்டு மாசம் முடிந்தும் பட்டியலில் ஏறக் காணோமே என்று விடாமல் புதுப்பித்தேன். நான் எடுக்க எடுக்க அந்தக் கணக்கு முதலிலிருந்து ஓடுமென்று இந்த மரமண்டைக்கு உறைக்கவே இல்லை.

போன திங்கள் நூலகர் போன் பண்ணினாள். "சார், சந்தோஷமான சேதி! இந்த வருஷம் நம்ம நூலகத்துல அதிகமா வெளியே போன புத்தகங்கள் உங்க ஏழுதான். மத்த கிளைகள்ல இருந்தும் ஒவ்வொண்ணுலயும் நாலு பிரதி வரவழைச்சு வாசல்லயே அடுக்கிட்டோம். சனிக்கிழமை முப்பது பிள்ளைங்க வர்றாங்க, நீங்களே செஞ்சு காட்டுறீங்க!" ஓடிப் போய்ப் பார்த்தால் வாசலில் என் படம், கீழே 'கைவேலைப் பிரியர்'. "என்னங்க இது, சொல்லவே இல்ல?" என்று உன் அண்ணி சிரிக்கிறாள், எனக்கு அழுகை வருகிறது. தீயோடு விளையாடாதீர்கள் என்று பள்ளி பள்ளியாகத் தொண்டை வறளப் பேசியவன், முப்பது பிள்ளைகள் முன்னால் வைக்கோலுக்குள் மெழுகுவர்த்தி ஏற்றுவதா? அதைவிட மானக்கேடு உண்டா? உண்மையைச் சொல்லலாமென்றால், நூலகர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து வாய் வரவில்லை. அம்மா தாயே, நூலகருக்கு நூலகராக நீ அவளுக்கு ஒரு வரி எழுது. சனிக்கிழமைக்குள் அந்த ஏழும் ஒழிய வேண்டும்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். பிள்ளைகளுக்கு என் ஆசிகள், நன்றாகப் படிக்கட்டும், கைவேலை தவிர.

இப்படிக்கு,
நிலைகுலைந்திருக்கும் உன் அண்ணன்

பி.கு: கடிதத்தை ஒட்டுமுன் ஒரு விஷயம். அந்த வைக்கோல் கூடு எவ்வளவு சீக்கிரம் பற்றும் என்று பிள்ளைகளுக்கு நிரூபித்துவிடலாமென்று, வாளியில் தண்ணீர் வைத்துக்கொண்டு நேற்று ஒன்று செய்தேன். தீக்குச்சியையும் கிழித்துவிட்டேன். கொளுத்த மனம் வரவில்லையம்மா, அவ்வளவு அழகாக வந்துவிட்டது! உள்ளே சின்ன பல்பு போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். நூலகருக்கு ஒன்றும் எழுதாதே. அந்த 'நூறு கைவேலைகள்' பின்னட்டையில் இரண்டாம் பாகம் இருப்பதாகப் போட்டிருக்கிறது. உன் நூலகத்தில் இருந்தால், கழிவுப் பட்டியலில் போய்விடப் போகிறது, உடனே உன் பேரில் ஒருதரம் எடுத்து வை.