லினக்ஸ் போட்டேன், பெரியப்பா தொலைந்தார்

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எதையும் என்னால் சும்மா விட முடியாது. இது ஒரு வியாதி. ஏழாம் வகுப்பில் வீட்டு அலாரம் கடிகாரத்தைச் சரி செய்தேன். (அதற்குப் பிறகும் அது மணி காட்டியது, எந்த நாட்டு மணி என்றுதான் தெரியவில்லை.) பிளஸ் டூவில் மிக்ஸி. கல்லூரியில் அப்பாவின் ஸ்கூட்டர். கடைசியாகக் கை வைத்தது லேப்டாப்பில். அதனால் என் அக்கா சுமதியின் முகூர்த்தமே தவறிப்போக இருந்தது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. அக்காவைக் கேட்டால் நம்புவார்கள். அவள் கொஞ்சம் அதிகமாகவே சொல்வாள்.

இரண்டாயிரத்து ஏழு வாக்கில் நடந்தது. செம்பாக்கத்தில் வீடு. நான் இன்ஜினீயரிங் முடித்துவிட்டு, வேலைக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எப்போது வந்து சேரச் சொல்வார்கள் என்று தெரியாமல் காத்திருந்தேன். மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்த லேப்டாப் ஒன்று என்னிடம் இருந்தது. எங்கள் தெருவிலேயே அதுதான் முதல் லேப்டாப். காலையில் அது என்னுடையது. மத்தியானம் சாப்பாடு ஆனதும் அப்பாவுடையது.

அப்பா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். அக்கா கல்யாணத்துக்கு யார் யாரைக் கூப்பிடுவது என்ற பட்டியலை, வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு மாதமாக டைப் செய்துகொண்டிருந்தார். பெயர், விலாசம், போன் நம்பர். நான்காவதாக 'குறிப்பு' என்று ஒரு கட்டம். அதில்தான் அப்பாவின் அனுபவமெல்லாம் இருந்தது. 'தபாலில் அனுப்பினால் போதும்.' 'நேரில் போகணும்.' 'கோபம் வரும்.' 'ஏற்கெனவே கோபம்.' 'இவரையும் குரோம்பேட்டைக்காரரையும் ஒரே பந்தியில் உட்கார வைக்கக் கூடாது.'

அந்தப் பட்டியலில் அப்பா மிகவும் மெனக்கெட்டுச் சேர்த்த பெயர், சண்முகம் பெரியப்பா. அப்பாவின் பெரியப்பா மகன். இரண்டு பேரும் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். ஆனால் பதினோரு வருடமாகப் பேச்சு இல்லை. காரணம், எங்கள் கிரகப்பிரவேசப் பத்திரிகையை அவருக்குத் தபாலில் அனுப்பிவிட்டோம். (எங்கள் உறவுக்காரர்களிடம் கடன் வாங்கித் திருப்பித் தராமல் கூட இருந்துவிடலாம். நேரில் வந்து பத்திரிகை வைக்காமல் இருக்க முடியாது.) பெரியப்பா தன் மகன் கல்யாணத்துக்கு எங்களைக் கூப்பிடவில்லை. அப்புறம் வீடு மாறிப் பள்ளிக்கரணைப் பக்கம் போய்விட்டார் என்று மட்டும் தெரியும்.

"சுமதி கல்யாணத்துக்கு அண்ணன் வந்து முன்னாடி நிக்கணும். அவர் வரலைன்னா எனக்கு அது கல்யாணமே இல்ல" என்று அப்பா சொல்லியிருந்தார். பெரியப்பாவின் மச்சினரிடம், வெட்கத்தை விட்டு விலாசம் வாங்கிப் பட்டியலில் ஏற்றினார். எழுதி வைத்திருந்த துண்டுச் சீட்டைக் கிழித்தும் போட்டார். "அதான் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சே" என்றார். அப்படி ஒரு நம்பிக்கை, கம்ப்யூட்டர் மேலும் என் மேலும்.

இந்தச் சமயத்தில்தான் என் நண்பன் ஜகன், பல்லாவரத்திலிருந்து ஒரு சிடியோடு வந்தான்.

"மச்சான், இன்னும் நீ விண்டோஸ்தானா? இன்னாடா நீ, இன்ஜினீயர்னு வெளிய சொல்லிக்கினு இருக்கே? லினக்ஸ் போடுடா. வைரஸ் கிடையாது, ஒண்ணியும் கிடையாது. சும்மா பறக்கும்."

என் லேப்டாப் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அதுவே எனக்குப் போதுமான காரணம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எல்லாரும் மண்டபத்துக்காரரைப் பார்க்கப் போயிருந்த நேரம், உட்கார்ந்தேன். முன்ஜாக்கிரதை இல்லாதவன் என்று என்னை யாரும் சொல்லிவிட முடியாது. நான் சேர்த்து வைத்திருந்த பாட்டுகள் அத்தனையையும் நாலு சிடியில் காப்பி எடுத்து வைத்தேன். அப்பாவின் பட்டியல் டி டிரைவில் இருந்தது. லினக்ஸ் போய் உட்காரப்போவது சி டிரைவில். அதனால் டி பத்திரம் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

சிடியைப் போட்டதும் அது மரியாதையாக ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டது. என்ன மொழி? எந்த ஊர் நேரம்? எல்லாவற்றுக்கும் சரி, சரி என்று அழுத்தினேன். ஓர் இடத்தில், 'டிஸ்க் முழுவதையும் எடுத்துக்கொள்ளட்டுமா, அல்லது நீங்களே பிரித்துக் கொடுக்கிறீர்களா?' என்று கேட்டது. நானே பிரிப்பதா? அந்தப் பக்கம் போய்ப் பார்த்தால் ஒரே எண்களாக இருந்தது. பயந்துபோய்த் திரும்பி வந்து, முழுவதையும் நீயே எடுத்துக்கொள் என்றேன். எடுத்துக்கொண்டது. அதற்கு சி, டி என்ற பேதமெல்லாம் கிடையாது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அரை மணி நேரத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு புதுத் திரை வந்து நின்றது. சத்தம் வரவில்லை. இன்டர்நெட் வரவில்லை. ஆனால் கறுப்புப் பெட்டி ஒன்றைத் திறந்து வெள்ளை எழுத்தில் ஏதோ அடித்தால் பதிலுக்கு ஏதோ சொல்லியது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா வந்ததும் வராததுமாக இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன்.

"நல்லா இருக்கு. பிரஸ்லேர்ந்து பத்திரிகை வந்துடுச்சு. என் லிஸ்டைத் திற, விலாசம் எழுத ஆரம்பிக்கலாம்" என்றார் அப்பா.

திறப்பதற்கு டி டிரைவைத் தேடினேன். இல்லை. அடுத்த பத்து நிமிடம் நான் அந்த லேப்டாப்பில் என்னவெல்லாம் தேடினேன் என்று எனக்கே தெரியாது. வியர்வை கீபோர்டில் சொட்டியது.

"என்னடா?"

"போயிடுச்சுப்பா."

"எது?"

"எல்லாமே."

ஜகனைக் கூப்பிட்டேன். அவன் இன்னொரு சிடியைப் போட்டு இரண்டு நாள் தோண்டினான். கடைசியில் அப்பாவின் பட்டியலில் ஒரு துண்டு கிடைத்தது. பெயர் இல்லை, விலாசம் இல்லை. வெறும் குறிப்பு மட்டும். 'கோபம் வரும். கோபம் வரும். ஏற்கெனவே கோபம். கோபம் வரும்.'

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை முழுவதும் படித்தார். "இதுக்குப் பேரே தேவையில்ல. நம்ம ஆளுங்க எல்லாருக்கும் பொருந்தும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அடித்திருந்தால் கூடத் தேவலை.

மற்றவர்களுடைய விலாசத்தை எல்லாம் ஒருவருக்கொருவர் போன் போட்டு எப்படியோ தேற்றிவிட்டோம். பெரியப்பா விலாசம் மட்டும் கிடைக்கவில்லை. மச்சினரிடமே மறுபடி கேட்கலாமே என்றாள் அம்மா.

"ஒரு தடவை கேட்டதே பெரிசு. மறுபடி கேட்டா, 'அட்ரஸைக் கூடத் தொலைச்சுட்டான், அவ்வளவுதான் மரியாதை'ன்னு நேரா அண்ணன்கிட்ட போய் ஓதுவான். ஏதோ குறுக்குத் தெரு, வீட்டு வாசல்ல பேர் போட்டிருக்கும்னு சொன்னான். போய்ப் பாத்துக்கலாம்" என்றார் அப்பா.

அப்பா, அம்மா, நான், மடியில் பழமும் குங்குமமும் வைத்த தட்டு. ஆட்டோவில் பள்ளிக்கரணை போய் ஸ்டாண்டில் விசாரித்தோம்.

"சண்முகம் சார் வூடா? ரிடையர் ஆனவர்தானே? நேரா போய் லெஃப்ட் எடு சார். மாடியில பச்ச டேங்க் கீது பாரு, அதான்" என்றார் ஓர் ஆட்டோக்காரர்.

பச்சை டேங்க் இருந்தது. வாசலில் 'சண்முகம் இல்லம்' என்று கல்வெட்டும் இருந்தது. கதவைத் திறந்தது ஓர் இளம் பெண். மாமாவும் அத்தையும் கோயிலுக்குப் போயிருப்பதாகச் சொன்னாள். பெரியப்பாவின் மருமகளை நாங்கள் பார்த்ததே இல்லையே! அவளுக்கும் எங்களைத் தெரியவில்லை. ஆனால் குங்குமத் தட்டோடு வந்து நிற்பவர்களை நீங்கள் யார் என்று எந்த மருமகள் கேட்பாள்? உட்கார வைத்துக் காபி கொடுத்தாள்.

சுவரில் உயரத்தில், கொஞ்சம் மங்கிப்போய், அவள் கல்யாணப் போட்டோ. அதில் மணமகனுக்குப் பக்கத்தில் வழுக்கைத் தலையோடு ஒருவர்.

அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணனுக்கு முடியெல்லாம் போயிடுச்சே. பதினோரு வருஷத்துல ஆளே மாறிட்டாரு" என்றார். கண் கலங்கிவிட்டது.

"மூக்கு அப்படியேதான் இருக்கு" என்று அம்மா ஆறுதல் சொன்னாள்.

அப்பா பத்திரிகையை எடுத்து அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தார். "அண்ணன்கிட்ட சொல்லும்மா. நானே நேர்ல வந்தேன்னு சொல்லு. பழசையெல்லாம் மறந்துடச் சொல்லு."

"சரிங்க மாமா" என்றாள் அவள், திருதிருவென்று விழித்துக்கொண்டே.

திரும்பும் வழியெல்லாம் அப்பா சிரித்த முகமாக வந்தார். என்னைக் கூட மன்னித்துவிட்டார். ஆட்டோவிலேயே, "அந்த லினக்ஸ்ல சீட்டாட்டம் இருக்காடா?" என்று கேட்டார்.

கல்யாணம் தாம்பரத்தில் ஒரு மண்டபத்தில். முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. ஏழேகால் மணிக்கே அந்த வழுக்கைத் தலைக்காரர் மனைவியோடு வந்து இறங்கினார். அப்பா வாசலுக்கு ஓடினார். பாதி தூரத்தில் நின்றுவிட்டார். போட்டோவில் தெரிந்த மூக்கு கிட்டத்தில் வேறு மூக்காக இருந்தது.

"நீங்க..." என்றார் அப்பா.

"பள்ளிக்கரணை சண்முகம், சார்." அவர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "மன்னிக்கணும். பழசை மறந்துடச் சொன்னீங்களாம். எதை மறக்கணும்னு பதினஞ்சு நாளா யோசிக்கறேன், ஒண்ணுமே ஞாபகம் வரல. பயந்துபோய் டாக்டரைக் கூடப் பார்த்துட்டேன். நீங்க என் சைடா, இவ சைடா?"

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பந்தலில் கட்டியிருந்த வாழை மரத்துக்குப் பின்னால் மறையப் பார்த்தேன்.

விஷயத்தைக் கேட்டதும் அந்த மனிதர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அட, ரெண்டாவது குறுக்குத் தெரு சண்முகமா! அவர் லெட்டர் எனக்கு வரும், என்னது அவருக்குப் போகும். வாரா வாரம் மாத்திப்போம். ஏறுங்க வண்டியில."

அம்மா குறுக்கே வந்து நின்றாள். "பொண்ணோட அப்பா எங்கங்க போறீங்க? தாரை வார்க்க ஆள் வேணாமா?"

"அண்ணன் இல்லாம நான் வார்க்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அப்பா காரில் ஏறினார். பட்டு வேட்டி, கழுத்தில் சம்பந்தி வீட்டார் போட்ட மாலை. குற்றவாளியான நானும் பின் சீட்டில் ஏறிக்கொண்டேன். மேடவாக்கம் தாண்டிப் பள்ளிக்கரணை போய் இறங்கினோம்.

பெரியப்பா வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தலையில் முடி நிறைய இருந்தது.

"அண்ணே, நான் பத்திரிகை வச்சேன். வீடு மாறிப் போச்சு" என்றார் அப்பா.

பெரியப்பா அப்பாவின் மாலையைப் பார்த்தார். "முகூர்த்தம் எத்தனை மணிக்கு?"

"ஒம்போதுக்கு."

"இப்போ எட்டு ஆகுது. பொண்ணைப் பெத்தவன் இங்க வந்து நிக்கறே. அறிவிருக்காடா உனக்கு?" என்று கத்தினார். கத்திக்கொண்டே உள்ளே போனார். இரண்டு நிமிடத்தில் பெரியம்மாவோடு வெளியே வந்தார். (இரண்டு நிமிடத்தில் எந்தப் பெரியம்மாவும் பட்டுப் புடவை கட்ட முடியாது. மச்சினர் மூலம் கல்யாணத் தேதி தெரிந்து, அவர் விடியற்காலையிலேயே கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.)

ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மண்டபத்தில் நுழைந்தோம். அக்கா மணவறையிலிருந்து என்னைப் பார்த்த பார்வையை இன்றுவரை மறக்கவில்லை. தாரை வார்க்கும்போது பெரியப்பா அப்பாவின் தோளைப் பிடித்தபடி நின்றார். நான் அழுதுவிட்டேன். புகை என்று சமாளித்தேன்.

ஆனால் அதோடு போயிற்றா? "அத்தனை பேருக்கும் பத்திரிகை. எனக்கு மட்டும் பொண்ணோட அப்பனே மாலையும் கழுத்துமா வந்தான்" என்று பெரியப்பா ஊரெல்லாம் சொல்லி முடித்தார். அப்புறம் அதையே வழக்கமாக்கிவிட்டார். அவருக்குப் பத்திரிகை வைக்கக் கூடாது; விசேஷத்தன்று காலையில் அப்பா நேரில் போய் நிற்க வேண்டும். வளைகாப்பு, என் கல்யாணம், அக்கா பையனின் பிறந்தநாள் வரைக்கும் இதே கதைதான். 'லினக்ஸ் அழைப்பு' என்று வீட்டில் அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

போன வருடம் என் மகளுக்குக் காது குத்தினோம். அப்பாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆகி ஒரு மாதம்தான். நான் மட்டும் போய்வருகிறேன் என்றேன், கேட்காமல் காரில் ஏறிவிட்டார். காரை நிறுத்திவிட்டு நான் மட்டும் இறங்கினேன். பெரியப்பா கதவைத் திறந்து, "உங்கப்பன் எங்கடா?" என்றார். காரைக் காட்டினேன். விறுவிறுவென்று வந்து கதவைத் திறந்து அப்பாவுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

"முட்டி வலியோட எதுக்குடா வந்தே?"

"நான் வரலைன்னா நீங்க வரமாட்டீங்களே, அண்ணே."

"ஆமா, வரமாட்டேன்" என்றார் பெரியப்பா, சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டே.