நியூயார்க் திறக்கும் நேரம்

இந்த வருடம் மச்சான் பெரென்டின் பிறந்தநாளுக்குப் போவதில்லை. கழிப்பறைச் சுவரில் தொங்கும் பிறந்தநாள் காலண்டரைப் பார்த்தபடி நான் எடுத்த முடிவு இது. என் பெரிய முடிவுகள் எல்லாம் அங்கேதான் பிறக்கின்றன. வெளியே வந்ததும் இறந்துவிடுகின்றன.

பக்கத்து ஊரான லெய்டனில் அவர் வீட்டுக் கூடத்தில் நாற்காலிகள் வட்டமாகக் கிடக்கும். பிறந்தநாள்காரருக்கு மட்டுமல்ல, அவர் மனைவிக்கு, மகனுக்கு, பக்கத்து வீட்டுக்காரருக்கு என்று வட்டம் முழுக்கக் கைகுலுக்கி வாழ்த்த வேண்டும். ஒரு காபி. ஒரு துண்டு கேக். பிறகு மூன்று மணி நேரம் பெரென்ட். போன வருடம் வீட்டைச் சூடாக்கும் புது எந்திரம் வாங்கியிருந்தார். அது போடும் சத்தத்தை வாயாலேயே செய்து காட்டினார். குளிர்காலச் சத்தம் தனி, கோடைச் சத்தம் தனி.

ஒரு மனிதனிடமிருந்து ஓடி ஒளிய இது போதுமா? என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். போதும் என்றுதான் பதில் வருகிறது.

மனைவி யோலாந்தாவிடம் சொல்லக் காரணமும் தயார். ஐம்பத்தாறு வயதில் பங்குச் சந்தை கற்றுக்கொண்டிருக்கிறேன்.

"யோலாந்தா, திங்கட்கிழமை நான் வர முடியாது. நம்ம நேரம் மூணரைக்கு நியூயார்க் சந்தை திறக்குது."

"நீ போய்த்தான் பூட்டைத் திறக்கணுமா?"

"முதல் கேண்டிலைப் பாக்கணும்."

"அதை ஏத்தணுமா, ஊதணுமா?"

"சார்ட்ல ஒரு மணி நேர விலை ஏத்த இறக்கத்தைக் காட்டுற மெழுகுவத்தி மாதிரிக் கட்டைதான் ஒரு கேண்டில். மூணரை கேண்டில்னு பேரு. ஆனா மூணரைக்குப் பொறந்து நாலரைக்குத்தான் முடியும். முடியற வரைக்கும் பச்சையா சிவப்பான்னு யாரும் சத்தியம் பண்ண முடியாது."

"முடிஞ்சதும்?"

"நான் உன் அடிமை. முதல் கேண்டில் முடிஞ்ச அடுத்த நிமிஷம் கிளம்பிடுவேன். பெரென்ட் பக்கத்துல உக்காந்து, எந்திரத்தைப் பத்தி நானே கேள்வி கேக்கறேன்!"

விருந்து நாலு மணிக்கு. லெய்டனுக்கு அரை மணிப் பயணம். யோலாந்தா எங்கேயும் ஒரு நிமிடம் தாமதமாகப் போகாதவள். நாலரை வரை காத்திராமல் தனியாகக் கிளம்பிவிடுவாள். அதனால்தான் அவ்வளவு தாராளமாக வாக்குக் கொடுத்தேன்.

"சரி, முடியட்டும்" என்றாள். சண்டையே போடவில்லை. இருபத்தாறு வருடக் கல்யாணத்தில் அவள் சண்டை போடாதபோதெல்லாம் நான் தோற்றிருக்கிறேன். அன்றைக்கு அது நினைவுக்கு வரவில்லை.

திங்கட்கிழமை. மூன்றரை. காபியோடு உட்கார்ந்து சார்ட்டைத் திறந்தேன். முதல் கேண்டில் முழுதாக முடிந்து, சிவப்பாக, குத்துக்கல் மாதிரி நின்றது. பக்கத்தில் இரண்டாவது முளைத்துக்கொண்டிருந்தது.

சார்ட்டின் நேரத்தை லண்டனுக்கு மாற்றினேன். டோக்கியோவுக்கு மாற்றினேன். கேண்டிலுக்குக் கீழே இருந்த எண்கள்தான் மாறின. முடிந்தது முடிந்தபடியே நின்றது.

வாசலில் யோலாந்தா. ஒரு கையில் ஆப்பிள் கேக். மறு கையில் என் கோட்டு.

"என்ன, முடிஞ்சிருச்சா?"

"சார்ட்ல ஏதோ கோளாறு..."

"சார்ட் நல்லாத்தான் இருக்கு. நேத்து அமெரிக்காக்காரன் கோடை நேரத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளிட்டான். நாம தள்ள இன்னும் ரெண்டு வாரம் இருக்கு. அதுவரைக்கும் அங்க திறக்கறப்போ இங்க ரெண்டரை."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"இருபத்திரண்டு வருஷமா நியூயார்க்குக்கு டூலிப் பூ அனுப்புறேன், வீபா. மார்ச் வந்தாலே இந்தத் தலைவலிதான்."

"காலையிலேயே சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா வாக்கை வாபஸ் வாங்கியிருப்பே."

வாங்கியிருப்பேன்தான். கோட்டை மாட்டிக்கொண்டேன்.

கார் ஓட்டியது அவள். நான் கேக்கை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தேன். பரவாயில்லை. இரண்டு வாரத்தில் நம் கடிகாரமும் மாறும். சந்தை மறுபடி மூன்றரைக்கு வந்துவிடும். அடுத்த பிறந்தநாள் அவளுடைய கோர்ரி அத்தைக்கு. ஏப்ரலில், ஒரு செவ்வாய்க்கிழமை. தப்பித்தேன்!

"என்ன சிரிப்பு?"

"ஒண்ணுமில்லையே."

சிக்னலில் வண்டியை நிறுத்தினாள்.

"கோர்ரி அத்தைகிட்ட பேசிட்டேன். இந்தத் தடவை விருந்தை ஞாயித்துக்கிழமைக்கு மாத்திட்டாங்க. அன்னிக்கு உன் சந்தைக்கு லீவுதானே?"