மஞ்சள் தடவிய தக்காளி ஆர்டர்

எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். நான் எழுதவும் செய்தேன், படிக்கவும் செய்தேன். ஆனால் கெடுத்தது தக்காளியை. பதினெட்டுக் கூடை! பி.காம். படிக்காத ஒருவரால் ஒரே நாளில் அவ்வளவு கெடுத்திருக்கவே முடியாது.

எழுபதுகளின் நடுப்பகுதி. மரக்காணத்தில் என் அக்கா வீட்டுக்காரர், அதாவது மாமா, காய்கறிக் கடை வைத்திருந்தார். வேலை கிடைக்காத நான் அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு கிடந்தேன். உப்பளத்தில் ரைட்டர் வேலை தயாராக இருந்தது. ஆனால் வெயிலில் நின்று உப்பு மூட்டை எண்ண வேண்டும். (பட்டதாரி கருத்துப்போய்விடுவான் அல்லவா!) அப்போது குயிலாப்பாளையம் பக்கம் வெள்ளைக்காரர்கள் வந்து குடியேற ஆரம்பித்திருந்தார்கள். அங்கே இன்னொரு கடை போட மாமாவுக்கு யோசனை. அதை எனக்குக் கொடுக்கச் சொல்லி அக்கா மன்றாடினாள்.

"மொதல்ல நான் செய்யாறு போயிட்டு வர்ற நாலு நாளைக்கு இந்தக் கடைய பாக்கட்டும். சரக்கு அழுவாம பாத்துக்கினா குயிலாப்பாளையம் அவனுக்குத்தான்" என்றார் மாமா.

"என் தம்பி படிச்சவங்க. நான் பொறுப்பு" என்றாள் அக்கா.

அழுகல் பற்றி எனக்கு ஏற்கெனவே பலத்த கருத்துகள் இருந்தன. கடையில் அவ்வப்போது கொஞ்சம் தக்காளி குழைந்து ஆட்டுக்குப் போகும். காரணம், மாமாவுக்கு ஆர்டர் போடத் தெரியவில்லை என்று முடிவு கட்டியிருந்தேன். மனிதர் சாயங்காலமானால் கடற்கரைக்குப் போய்ச் சும்மா கடலைப் பார்ப்பார். மீன்காரப் பெண்களிடம் நாலு வார்த்தை பேசுவார். மறுநாள் காலை திண்டிவனம் போகிற முதல் பஸ்ஸின் மேல் சில காலிக் கூடைகளைப் போடுவார். அடுத்த நாள் சரக்கு வரும். ஒரு துண்டுச் சீட்டுக்கூடக் கிடையாது!

மாமா கிளம்பும்போது, "மச்சான், அந்தக் காலிக் கூடைங்க இருக்குதே, அதுல..." என்று ஆரம்பித்தார்.

"எனக்குத் தெரியாதா மாமா, நீங்க கெளம்புங்க" என்று பெட்டியைத் தூக்கிக்கொடுத்தேன்.

அன்றே வேலையைத் தொடங்கினேன். வெள்ளைத் தாளில் கோடு போட்டு, திண்டிவனம் மண்டிக்காரர் கோதண்டத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு ஆர்டர் எழுதினேன். தக்காளி ஒரு கூடை, ஒன்றே ஒன்று. கோதண்டத்துக்குத் தமிழே தடுமாறும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் படித்த படிப்பை வேறு எங்கேதான் காட்டுவது? அக்காவுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. தம்பியின் முதல் வியாபாரக் கடிதம் என்று தாளின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிக் கொடுத்தாள்.

கொல்லையில் பதினெட்டுக் கூடை அடைசலாகக் கிடந்தது. எல்லாவற்றிலும் சிவப்புத் துணி கட்டியிருந்தது. (பிய்ந்துபோன காதுக்குக் கட்டு என்று நினைத்தேன்.) இடத்தைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று அத்தனையையும் பஸ்ஸில் ஏற்றினேன்.

கண்டக்டர் ஏழுமலை கடிதத்தின் மஞ்சளைப் பார்த்தார், கூடைகளைப் பார்த்தார். "இன்னாப்பா, ஊட்ல விசேஷமா?" என்றார்.

"எல்லாம் கணக்கோடதான் போவுது. நீங்க குடுத்துடுங்க" என்றேன், ஒரு புன்சிரிப்போடு. அந்தப் புன்சிரிப்பை இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

மறுநாள் பஸ் கூரையிலிருந்து தக்காளி இறங்கியது, இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு வாழைத்தாரும் இறங்கியது.

"மண்டிக்காரரு சீரு குடுத்தனுப்பினாரு. பத்திரிகை இங்கிலீஷ்ல இருக்குதாம், முகூர்த்தம் என்னிக்குன்னு புரியலியாம். எதுக்கும் இருக்கட்டும்னு நல்லாப் பழுத்ததா பாத்துப் போட்டிருக்காராம். மாப்ள யாருப்பா, நீயா?" என்றார் ஏழுமலை.

சிவப்புத் துணி என்றால் தக்காளி, எத்தனை காலிக் கூடை போகிறதோ அத்தனை கூடை சரக்கு, அதுதான் ஆர்டர் என்பதை அந்தப் பஸ் நிறுத்தத்தில், ஊரே வேடிக்கை பார்க்க, ஏழுமலையிடம் கற்றுக்கொண்டேன்.

சரி, விற்றுவிடலாம் என்று பார்த்தால் கடலில் பேய்க்காற்று. மூன்று நாளாகக் கட்டுமரம் ஒன்றும் இறங்கவில்லை. வழக்கமாக வாங்கும் அஞ்சலை, கடை வாசலில் நின்று கேட்டாள்: "மீனே இல்ல, கொழம்பு எங்க வைக்கிறது? தக்காளிய மூஞ்சில பூசிக்கவா?" மாமா தினமும் கடலில் எதைப் பார்த்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அக்கா ரசம் வைத்தாள், தொக்குக் கிண்டினாள், தெருவுக்கே தானம் செய்தாள். நாலாம் நாள் தெரு ஆடுகள் எங்கள் வீட்டைக் கண்டால் எதிர்ப்பக்கமாகப் போயின. வாடை உப்பளம் வரை போனதாகக் கேள்வி.

மாமா வந்தார். தக்காளியைப் பார்க்கவில்லை. நேராகக் கொல்லைக்குப் போய் வெற்றிடத்தைப் பார்த்தார்.

"இங்க இருந்த கூடைங்க எங்க?"

"அடைசலா இருந்துச்சி மாமா. அதான் அனுப்பிட்டேன்."

"அடைசலா? அது ஒவ்வொண்ணும் நான் வாங்காம வுட்ட தக்காளிடா மச்சான். காத்து அடிக்குற நாள்ல ஒரு கூடைய நிறுத்துவேன், மீன் வந்தா ஒண்ணு கூட்டி அனுப்புவேன். அழுவாம காப்பாத்தினதையெல்லாம் ஒரே நாள்ல வாங்கிட்டியேடா!"

அக்காதான் கதவோரம் நின்று, "நான் மஞ்சள் தடவினதாலதாங்க இப்படி ஆயிடுச்சி" என்றாள். இல்லை, தப்பு என்னுடையது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கெட்ட தக்காளிகூட இரண்டு நாளில் மறந்துபோயிற்று. அந்த மௌனத்துக்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

குயிலாப்பாளையம் கடை வேறு யாருக்கோ போயிற்று. நான் உப்பளத்தில் மூட்டை எண்ணி, எதிர்பார்த்தபடியே கருத்தேன். (உப்பு அழுகாது என்று மாமா தைரியம் சொன்னார்.)

சில வருஷம் கழித்து எனக்கு நிஜமாகவே கல்யாணம். கோதண்டம் திண்டிவனத்திலிருந்து வந்திருந்தார். வெறுங்கையோடு அல்ல, சிவப்புத் துணி கட்டிய ஒரு காலிக் கூடையோடு. மேடையேறி அதை என் கையில் கொடுத்து, "பத்திரிகை தமிழ்ல இருந்துச்சி, அதான் நம்பி வந்தேன். சீரு அப்பவே குடுத்துட்டேன், இது பாக்கி" என்றார். பந்தலே சிரித்தது. அவர் யாரென்றே தெரியாத என் மனைவியும் சிரித்தாள்.

இப்போது அவளுக்கு முழுக்கதையும் தெரியும். வீட்டுக்கு ஆங்கிலத்தில் எந்தத் தபால் வந்தாலும், கரண்ட் பில்லாக இருந்தாலும், பிரிக்காமல் என்னிடம் நீட்டிக் கேட்கிறாள்:

"முகூர்த்தம் என்னிக்குங்க?"