புதன்கிழமைச் சப்ளையர்

‘இணை’ என்ற பொத்தானை அழுத்திய மறுகணமே, தாம் செய்தது மடத்தனம் என்பது குகனுக்கு உறைத்தது. கைப்பேசித் திரையில் ஒரு வட்டம் சுழன்றது, சுழன்றுகொண்டே இருந்தது. பொறுமையிழந்து கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். போட்ட பிறகும் புதன்கிழமைகளின் நினைவு விடவில்லை.

பத்து காவானில் பிளாஸ்டிக் தட்டுகள் வார்க்கும் அந்தத் தொழிற்சாலையில் குகன் பராமரிப்பு மேற்பார்வையாளர். கேட்டதையெல்லாம் தேடிச் சொல்லும் புதிய ஏஐ கருவி ஒன்று அலுவலகத்திற்கு வந்திருந்தது. அவரவர் மின்னஞ்சல், நாட்காட்டி, அரட்டைச் செயலி யாவற்றையும் அதனோடு இணைத்துவிட வேண்டும் என்பது மேலாளர் ஹரீஷின் ஆணை.

“நானே முதல்ல கனெக்ட் பண்ணிட்டேன். மறைக்க ஒன்னும் இல்லாதவனுக்கு என்னா பயம்?” என்று காலையில் முழங்கியிருந்தார்.

குகனுக்கு மறைக்க இருந்தது. புதன்தோறும் நண்பகலில் ‘சப்ளையர் விசிட்’ என்று நாட்காட்டியில் குறித்துவிட்டு, கடற்பாலம் தாண்டித் தீவிலுள்ள ஜார்ஜ் டவுனுக்குப் போவார். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் சோற்றின்மேல் பலவகைக் குழம்புகளை ஊற்றித் தரும் நாசி கண்டாரை வயிறு குளிரச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார். மதிய உணவு கேண்டீனில்தான், அதுவும் அரை மணி நேரத்திற்குள்தான் என்பது ஹரீஷ் விதித்த சட்டம். அவர் தம் மேசையிலேயே ஓட்ஸ் கஞ்சி குடித்து அதற்கு முன்மாதிரியாகத் திகழ்ந்தார். அச்சட்டத்தை மீறியதற்காகக் குகன் ஏற்கெனவே ஓர் எச்சரிக்கைக் கடிதம் வாங்கியவர். இன்னொன்று வந்தால் வேலை போய்விடும்.

இணைப்பைக் கழற்றும் வழியைக் கேட்கக் கணினிப் பிரிவில் வேலை செய்யும் சித்தி ஹாஜரா என்ற இளம்பெண்ணைத் தேடி ஓடினார். அவளோ கூட்ட அறையில் மடிக்கணினியைப் பெரிய திரையோடு பொருத்திக்கொண்டிருந்தாள். எல்லாரும் உட்கார்ந்துவிட்டிருந்தார்கள்.

“வாங்க குகன், கதவ சாத்துங்க,” என்றார் ஹரீஷ். “யாராச்சும் ஒரு கேள்வி கேளுங்க. மெஷின் பதில் சொல்லும்.”

கொள்முதல் பிரிவின் மோகனா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மடிக்கணினியில் கேள்வியைத் தட்டினார். “நம்ம ஆளுங்க அடிக்கடி போற சப்ளையர் யாருன்னு பாப்போம்லா.”

திரை சற்று யோசித்துவிட்டு விடையை எழுதிற்று: ‘புதன்கிழமைகள், நண்பகல், சப்ளையர் விசிட், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை. ஆதாரம்: நாட்காட்டி.’

ஹரீஷ் தண்ணீர்க் குவளையை எடுத்தார். குற்றவாளி தானாகவே வாய் திறக்கட்டும் என்று காத்திருக்கும் நீதிபதியின் நிதானமாக அது குகனுக்குப் பட்டது. காத்திருக்க விடக்கூடாது என்று தீர்மானித்தார்.

“என்னோட சப்ளையர்தான் மோகனாக்கா. ஏர் ஹோஸ் குடுக்கறவரு.”

“அண்ணே, அது வந்து...” என்று சித்தி ஹாஜரா வாயெடுத்தாள்.

“நீ இரும்மா. நான்தானே பேசிக்கிட்டிருக்கேன்.”

மோகனா புருவத்தை உயர்த்தினார். “அந்தப் பள்ளிவாசல் ஜாலான்ல ஹோஸ் விக்கற கடை ஏது? ஒரு பில்கூட எங்கிட்ட வரலியே.”

“பில் போட மாட்டாரு. சாம்பிள் மட்டும்தான் குடுப்பாரு.”

“புதனுக்குப் புதன் சாம்பிளா?”

“போதும், அடுத்த கேள்விக்குப் போவோம்,” என்றார் ஹரீஷ். அவர் குரல் கம்மியிருந்தது. சினத்தை அடக்குகிறார் என்று குகன் முடிவு கட்டினார்.

மோகனா விடுகிற பிறவியல்லர். அந்தச் சப்ளையரைப் பற்றிய குறிப்புகளைக் காட்டும்படி மீண்டும் தட்டினார். ‘குறிப்பு: மீன் தலை சீக்கிரம் முடிந்துவிடும். முன்கூட்டியே சொல்லி வைக்கவும்.’

அப்படியொன்றை எழுதியதாகக் குகனுக்கு நினைவில்லை. ஆயினும் பசி நேரத்தில் மனிதன் எதையெல்லாமோ எழுதி வைக்கிறான்.

“மீன் தலைன்னா என்னா குகன்?”

“அது ஹோஸ் முனையில மாட்டற ஒரு மாதிரி நாசில் அக்கா. முன்னாடி வாய் பொளந்தாப்ல இருக்கும்.”

“ஆமா ஆமா, அப்படி ஒரு நாசில் இருக்கு,” என்றார் ஹரீஷ் அவசரமாக.

ஏளனம். பொய்யை இன்னும் உயரமாகக் கட்டவிட்டு, மேலேயிருந்து தள்ளிவிடப் பார்க்கிறார். குகனின் காதுமடல்கள் சூடேறின.

“சரி, பதிவு பண்ணாத சப்ளையர நான் சும்மா விட முடியாது,” என்றார் மோகனா. “வர்ற புதன் நானும் கூட வர்றேன். கடையப் படம் எடுக்கணும், மொதலாளிகிட்ட கையெழுத்து வாங்கணும். பாஸும் வரட்டும்.”

“நான் எதுக்குலா?” என்றார் ஹரீஷ். அவர் நெற்றியில் வியர்வை பூத்திருந்தது. அறையிலோ குளிரூட்டி இரைந்துகொண்டிருந்தது.

“பாஸ், அண்ணே, ஒரு நிமிசம்...” என்று சித்தி ஹாஜரா மறுபடியும் தொடங்கினாள்.

குகன் எழுந்து நின்றார். நாற்காலி பின்னால் சரிந்து விழுந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“யாரும் எங்கயும் வர வேணாம். அது ஹோஸ் கடை இல்ல, நாசி கண்டார் கடை. மீன் தலைன்னா மீன் தலைதான், கொழம்புல கெடக்கறது. புதனுக்குப் புதன் நான் போய்ச் சாப்பிடறேன். ராத்திரில மெஷின் நின்னா என்னத்தானே கூப்புடறீங்க? அப்ப அரை மணி நேரக் கணக்கு எங்க போச்சு? கேண்டீன் சோத்த ஒரு நாளாச்சும் வாயில வச்சிருக்கீங்களா பாஸ்? இணைன்னீங்க, இணைச்சேன். பாத்துட்டீங்க. மன்னிப்புக் கேக்க மாட்டேன். கடிதம் குடுக்கணும்னா குடுங்க. அடுத்த புதனும் நான் போவேன்.”

மோகனா வாயைப் பொத்திக்கொண்டார். ஹரீஷின் முகத்தில் மட்டும், மூழ்கவிருந்தவன் கட்டையொன்றைப் பற்றிக்கொண்டாற்போன்ற ஒரு நிம்மதி பரவிற்று.

“ரொம்ப வருத்தமா இருக்கு குகன்,” என்று அவர் கனிவோடு தொடங்கினார். “நாசி கண்டார் சாப்பிடறதுக்கு சப்ளையர்னு பொய்யா எழுதி வைக்கறது...”

“குகன் அண்ணே,” என்றாள் சித்தி ஹாஜரா, இம்முறை யாருக்கும் இடம் கொடாமல். “உங்க கேலண்டர நான் இன்னும் அப்ரூவே பண்ணல, இப்போதைக்கு இதுல கனெக்ட் ஆகியிருக்கறது பாஸோடது ஒன்னுதான்.”