கைத்தடிக்கு ஒப்புதல்

மனிதகுலம் சக்கரத்தைக் கண்டுபிடித்த பிறகு நிகழ்ந்த அடுத்த மாபெரும் சம்பவம், திருவனந்தபுரத்தில் தாணுலிங்கம் கடைசல் எந்திரம் வாங்கியதுதான். தொண்ணூற்றெட்டாம் வருஷம் அவர் ஓய்வு பெற்ற கையோடு, கார் இல்லாத கார் ஷெட்டில் அது வந்து இறங்கியது. மரத்தைச் சுழலவிட்டு உளியைக் காட்டினால் போதும், ‘வேண்டாதது’ தானே பறந்துவிடும். அரசாங்க நிதிப் பிரிவில் அவர் ஆயுள் முழுக்கப் பார்த்த வேலையும் இதுதான். கேட்டதைக் குறைக்காமல் ஒரு கோப்பிலும் கையெழுத்துப் போட்டதில்லை. பள்ளிக்கூடம் கேட்ட ஊருக்குக் கூரையும், கூரை கேட்ட ஊருக்கு நாலு ஓடும் வழங்கிய கருணைக்கடல்.

புதிய இலாகாவின் முதல் மனுதாரர் மனைவி முத்தாரம்மாள். முழங்கால் முட்டில் வலி. கைத்தடி இல்லாமல் நடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளுக்கோ பழவங்காடிப் பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்ட தேங்காய் பாக்கி. தன் காலால் நடந்துபோய் உடைக்க வேண்டும் என்பது ஆசை.

"கடையில ஒரு கம்பு வாங்கித் தாருங்க. அது போதும்."

"வீட்டுல ஒரு டிபார்ட்மென்ட் இருக்கும்போ வெளிய கொள்முதலா? ஆடிட்ல மாட்டிக்கிடுவோம்."

பொன்முடி எஸ்டேட்டில் வேலை பார்க்கும் தங்கையன், காற்றில் விழுந்த கிளை ஒன்றைக் கொண்டுவந்து போட்டான். பணி தொடங்கியது. கைப்பிடி ‘ஆடம்பரம்’, நீளம் ‘உத்தேச மதிப்பீட்டை மீறியது’ என்று தாணுலிங்கம் கண்டுபிடித்தார். மரத்தூள் சாம்பாரில் மிதந்தது. அதை நார்ச்சத்து என்று வகைப்படுத்தினார். வாரக் கடைசியில் கைத்தடி, மத்து ஆகியிருந்தது.

"இத ஊணி எப்படி நடப்பேன்?"

"குனிஞ்சு நட. கோயிலுக்குப் போகையில பணிவு வேணும்லா."

முத்தாரம்மாள் மேல்முறையீடு செய்தாள். மறுபரிசீலனையில் மத்து பம்பரமானது. எதிர்வீட்டு ஜெபசிங் அதைத் தரையில் சுற்றிவிட்டுப் பார்த்தார்.

"நல்ல பம்பரம் சாரே."

"பம்பரம் இல்ல. கைத்தடி. சிக்கன மாடல்."

தங்கையன் அடுத்த கிளையோடு வந்த அன்று, முத்தாரம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டே வாசலுக்குப் போனாள். அவன் கையிலிருந்த கிளையை அப்படியே வாங்கி ஊன்றினாள். ஓர் அடி வைத்தாள். இன்னும் ஓர் அடி. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அதுக்கு ஒப்புதல் ஆகல," என்று உளியும் கையுமாக ஓடிவந்தார் தாணுலிங்கம்.

"அம்மா கொண்டுபோகட்டு சாரே," என்றான் தங்கையன். "எங்க ஆத்துப் பாலத்துக்கும் நீங்கதான் ஒப்புதல் தந்திய."

"எந்தப் பாலம்?"

"எஸ்டேட்டுல நாங்க குடியிருக்க லயத்துக்குப் போக நாங்க கேட்டது. மொதல்ல அத நடைபாலம் ஆக்கினிய. பொறவு கயித்துப் பாலம். கடைசில ஒரு போர்டு தந்திய, ‘வெள்ளத்தில் இறங்காதீர்’னு."

தாணுலிங்கத்தின் முகம் மலர்ந்தது. அவருடைய பணிக்காலத்தின் சிகரம் அல்லவா அது.

"போர்டு இப்பவும் நிக்கா?"

"நல்ல உறப்பா நிக்கி சாரே. வாசிக்கத் தெரியாத எங்கம்மையத்தான் ஆறு கொண்டுபோச்சு."

எந்திரம் மட்டும் ஷெட்டுக்குள் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. முத்தாரம்மாள் கணவரைப் பார்க்கவே இல்லை.

"வா தங்கையா. தேங்காய் ரெண்டு வாங்கணும். ஒண்ணு என் முட்டுக்கு. இன்னொண்ணு உங்கம்மைக்கு."

கிளையை ஊன்றி அவள் தெருவில் இறங்கினாள். பின்னாலிருந்து, முப்பது வருடப் பழக்கம் மாறாத கண்டிப்போடு தாணுலிங்கத்தின் குரல் வந்தது:

"ரெண்டு எதுக்கு? ஒண்ணு போதுமே."